முஅல்லிம்களின் கட்டடக் கலை: ஹஸன் ஃபத்ஹியும் நூபியக் கொத்தர்களும்

இஸ்லாமிய உலகின் புகழ்பெற்ற கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது அவற்றைக் கட்டுவித்தவர்களின் பெயர்களையே நாம் பெரிதும் சொல்கிறோம். சுல்தான்களின் பெயர்கள் வாயில்களில் பொறிக்கப்பட்டுள்ளன. வரைந்தவர்களின் பெயர்கள் அருகியே கிடைக்கின்றன. சுவரை எழுப்பிய கொத்தரின் பெயரோ அநேகமாக எங்குமே இல்லை. இந்தப் பொது வழக்கிற்கு மாறான நிகழ்வொன்று 1980ஆம் ஆண்டு லாகூரின் ஷாலிமார் தோட்டத்தில் நடைபெற்றது. கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது முதன்முறையாக வழங்கப்பட்ட விழா அது. அவ்விழாவில் எகிப்தின் ஹஸன் ஃபத்ஹிக்கு வாழ்நாள் பணிக்கான தலைவர் விருது அளிக்கப்பட்டது. அவருடைய மாணவர் அப்துல் வாஹித் அல்வகீல், அலெக்ஸாண்டிரியாவை அடுத்த அஜமியில் கட்டிய ஹலாவா இல்லத்துக்காக விருது பெற்றார். அந்த இல்லத்தின் விருதுப் பதிவில் மூன்றாவதாக ஒரு பெயரும் இடம்பெற்றது. தலைமைக் கொத்தர் அலாவுத்தீன் முஸ்தஃபாவின் பெயர் அது.

ஆசான், மாணவர், கொத்தர் என்னும் இம்மூவரும் ஒரே விழாவில் நினைக்கப்பட்டதற்குப் பின்னால் நாற்பதாண்டு கால வரலாறு இருக்கிறது. மரபைக் காத்தல், இயற்கையோடு இயைந்து கட்டுதல் என்று இன்று உலகெங்கும் கட்டடக் கலைக் கூடங்கள் பேசுகின்றன. அச்சொற்கள் பரவலாவதற்கு முன்னரே அவற்றைச் செயலில் காட்டிய கூடம் ஹஸன் ஃபத்ஹியுடையது. அக்கூடத்தில் யார் யார் பணியாற்றினர், அவர்கள் என்ன அறிந்திருந்தனர், எங்கே வென்றனர், எங்கே தோற்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கைவினைக்கு நம் மரபில் உள்ள இடம்

முதலில் ஒரு முன்னுரை தேவைப்படுகிறது. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் எழுந்தபோது அதன் சுவர்கள் சுடாத செங்கற்களால் ஆனவை. தூண்கள் பேரீச்ச மரத்தண்டுகள். கூரை அம்மரத்தின் மட்டைகள். நபியவர்களும் தோழர்களுடன் கல் சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் இப்னு யாஸிர் (ரலி) இரண்டிரண்டாகச் சுமந்த செய்தி நாம் அறிந்ததே. அதிகம் பேசப்படாத அறிவிப்பு ஒன்றும் உண்டு. யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரலி) மண்ணைப் பதமாகக் குழைப்பதில் தேர்ந்தவர். அவருடைய திறனைக் கண்ட நபியவர்கள், மண் குழைக்கும் வேலையை அவரிடம் விடுமாறு தோழர்களுக்குக் கூறினார்கள் என்கிறது அந்த அறிவிப்பு. உழைப்பு எல்லாருக்கும் பொது. ஆயினும் தேர்ச்சிக்குத் தனி இடம் உண்டு என்பதை இவ்விரு செய்திகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் கட்டடத் தொழிலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். இரண்டு பலகைகளை எதிரெதிராக நிறுத்தி, நடுவே சுண்ணாம்பு கலந்த மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பும் முறையை அவர் அங்கே படிப்படியாக விளக்குகிறார். அண்டை வீட்டாருக்கிடையே சுவர், வடிகால், வழி ஆகியவை பற்றிய வழக்கு எழும்போது நீதிபதிகள் கட்டடத் தொழிலறிந்தவர்களின் கருத்தைக் கேட்டனர் என்றும் எழுதுகிறார். கொத்தரின் அறிவை வெறும் கூலிவேலையாகக் கருதாமல், சான்று சொல்லத் தகுந்த கல்வியாக மதித்த சமூகத்தை அவ்வரிகளில் காண்கிறோம். அந்த மதிப்பு பின்னாளில் எவ்வாறோ தேய்ந்துபோனது. ஹஸன் ஃபத்ஹியின் வரலாறு, ஒருவகையில், அதைத் தேடிச் சென்ற வரலாறே.

கூரைக்கு வந்த தட்டுப்பாடு

ஹஸன் ஃபத்ஹி 1900ஆம் ஆண்டு அலெக்ஸாண்டிரியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கெய்ரோவில் கட்டடக் கலை பயின்று 1926இல் பட்டம் பெற்றார். 1930 முதல் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அக்காலத்தில் எகிப்தில் கட்டடக் கலை என்பது ஐரோப்பிய பாணியில் மாளிகை வரைவதாகவே இருந்தது. நாட்டின் பெரும்பான்மையினரான உழவர்கள் வாழ்ந்த மண் குடிசைகளோ கட்டடக் கலைஞர்களின் கண்ணிலேயே படவில்லை. மண்ணைக் குறைபாடாகப் பார்க்காமல், காலடியில் இலவசமாகக் கிடைக்கும் கட்டுமானப் பொருளாகப் பார்த்ததே ஃபத்ஹியின் முதல் திருப்பம். 1937இல் மண் வீடுகளுக்கான தம் வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார்.

மண்ணால் சுவர் எழுப்புவது எளிது. கூரை போடுவதுதான் கடினம். எகிப்து மரவளம் குன்றிய நாடு. உத்தரத்துக்கும் விட்டத்துக்கும் மரம் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மரமும் இரும்பும் கிடைப்பது அரிதாயிற்று. அப்படியானால் கூரையையும் மண்கல்லாலேயே வளைவாகக் கட்டினால் என்ன என்று ஃபத்ஹி எண்ணினார். ஆனால் வளைவு இறுகும்வரை அதைத் தாங்கி நிற்க மரச் சாரம் வேண்டும். நம் கட்டட வேலைகளில் சென்டரிங் என்று வழங்குவது அதைத்தான். கூரைக்கு மரம் இல்லாதவனிடம் சாரத்துக்கு மட்டும் மரம் ஏது? சாரமில்லாமல் கட்டிப் பார்த்த முதல் முயற்சிகளில் கூரைகள் இடிந்து விழுந்தன.

வழி, கல்வி நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அஸ்வான் அணைப் பணியில் இருந்த ஃபத்ஹியின் சகோதரர், நூபியர்கள் சாரமே இல்லாமல் மண்கல்லால் வளைகூரை அமைப்பதைத் தாம் கண்டிருப்பதாகக் கூறினார். 1941இல் ஃபத்ஹி தம் மாணவர்களுடன் அஸ்வானுக்குச் சென்றார். நைலின் மேற்குக் கரையில் உள்ள கர்ப் அஸ்வான் கிராமத்தில் வரிசை வரிசையாக வளைகூரை வீடுகள் நின்றன. லுக்ஸரின் ராமெஸியம் கோயிலின் பின்புறத்தில் ஏறத்தாழ 3200 ஆண்டுப் பழமை வாய்ந்த தானியக் களஞ்சியங்களின் மண்கல் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. ஃபிர்அவ்ன்களின் காலத்து நுட்பம் நூலில் எழுதப்படாமல், கையிலிருந்து கைக்கு மாறியே நூபியக் கிராமத்தில் உயிரோடு இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்களைத் தேடியபோது ஃபத்ஹிக்குக் கிடைத்தவர் பக்தாதி அஹ்மத் அலி என்னும் கொத்தர்.

எகிப்தில் தேர்ந்த கொத்தரை முஅல்லிம் என்று அழைக்கிறார்கள். மதரஸாவில் நமக்கு எழுத்து கற்பித்தவருக்கு நாம் வழங்கும் அதே சொல் அது. கல்லூரி ஆசிரியரான ஃபத்ஹி, கொத்தர்களான முஅல்லிம்களிடம் மாணவராக அமர்ந்தார் என்று சொல்வது மிகையாகாது.

சாரமில்லா வளைவு எவ்வாறு நிற்கிறது?

அந்த நுட்பத்தைச் சற்று விரிவாக விளக்குவது பொருத்தமாகும். கூரைக்கான கல் தனி வகை. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. கனமோ 5 சென்டிமீட்டர்தான். சுவருக்கான கல்லைவிட இதில் வைக்கோல் அதிகம் சேர்வதால் எடை குறைவு. ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் விரல்களால் இரண்டு கோடுகள் கீறிவிடுவார்கள். ஈரக் குழைவில் பதிக்கும்போது அக்கீறல்கள் கல்லை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

அறையின் மூன்று சுவர்களை எழுப்பியபின், ஒரு முனைச் சுவரை மட்டும் மற்றவற்றைவிட உயர்த்திக் கட்டுகிறார்கள். கொத்தர் அந்த முனைச் சுவரின்மேல் மண்ணைப் பூசி, வாய்ச்சியால் செதுக்கி, வளைவின் வடிவத்தை உருவாக்குகிறார். கயிறோ அளவுகோலோ வரைபடமோ இல்லை, கண்ணே கருவி. ஆயினும் அவர் செதுக்கும் கோடு கணிதத்தில் பரவளைவு என வழங்கும் கோட்டை ஒத்திருக்கிறது. அவ்வடிவத்தில் கூரையின் பாரம் முழுவதும் அமுக்கமாகவே கீழிறங்குகிறது, இழுவிசை தோன்றுவதில்லை. மண்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்பதே இதன் அடிப்படை.

பின்னர் கற்களை அந்த முனைச் சுவரின்மேல் சாய்வாக ஒட்டத் தொடங்குகிறார்கள். முதல் வரிசை சுவரில் சாய்கிறது. இரண்டாம் வரிசை முதல் வரிசையில் சாய்கிறது. ஒவ்வொரு வரிசையும் முந்தியதன்மேல் சரிந்து நிற்பதால், எந்த நிலையிலும் கீழேயிருந்து தாங்குவதற்கு ஒன்றும் தேவைப்படுவதில்லை. முடிந்த பகுதியே முடியாத பகுதிக்குச் சாரமாகிறது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள அறை ஒன்றின் கூரையை இரண்டு கொத்தர்கள் ஒன்றரை நாளில் முடித்ததை ஃபத்ஹி வியப்போடு பதிவு செய்திருக்கிறார். பொறியியல் படித்தவர்கள் பலகாலம் முட்டி மோதிய வினாவுக்கு எழுத்தறியாத கைகள் ஒன்றரை நாளில் விடை தந்தன.

புதிய குர்னாவின் பணியாளர்கள்

இந்த அறிவைப் பெருமளவில் செயற்படுத்தும் வாய்ப்பு 1945இல் வந்தது. லுக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், பழங்காலக் கல்லறைகளின் மீதும் இடையிலும் குர்னா மக்கள் ஐந்து சிற்றூர்களில் வாழ்ந்துவந்தனர். மக்கள்தொகை சுமார் 7000. கல்லறைப் பொருள்கள் களவாடப்படுவதைத் தடுக்க அவர்களை அங்கிருந்து பெயர்த்துப் புதிய ஊரில் குடியேற்றத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. ஏறத்தாழ 900 குடும்பங்களுக்கான அந்தப் புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு ஃபத்ஹியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அஸ்வானிலிருந்து நூபியக் கொத்தர்கள் வந்தனர். உள்ளூர் ஆட்கள் மண் வெட்டினர், கல் அறுத்தனர், சுமந்தனர். மண், மணல், வைக்கோல், தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து இரண்டு நாள் ஊறவிட்டு, புளித்தபின் அச்சில் இடுவது அங்கிருந்த முறை. உள்ளூர் இளைஞர்கள் கொத்தர்களின் அருகே நின்று, கையாளாகத் தொடங்கிப் படிப்படியாகத் தேர்ச்சி பெற்றுக் கொத்தராக உயரும் பயிற்சி முறையையும் ஃபத்ஹி வகுத்தார். வேலையே பள்ளிக்கூடம், வேலை முடியும்போது ஊரும் இருக்கும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஊரிலேயே இருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. மண் வீட்டின் ஆயுள் பராமரிப்பில்தான் இருக்கிறது என்பதால் இக்கணக்கு மிகவும் முக்கியமானது.

மூன்று பருவங்களில் பள்ளிவாசல், சந்தை, கான் எனப்படும் கைத்தொழிற் கூடம், பள்ளிக்கூடங்கள், அரங்கம், வீடுகளில் ஒரு பகுதி ஆகியவை எழுந்தன. பள்ளிவாசலின் மினாராவுக்கு வெளிப்புறப் படிக்கட்டு. மேல் எகிப்தின் பழைய பள்ளிவாசல்களை நினைவூட்டுவது. பள்ளிக்கூடத்தில் மல்கஃப் எனப்படும் காற்று வாங்கியை அமைத்தார்கள். கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் அதன் வாய் வடக்குக் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். நடுவே தட்டுகளில் ஈரக் கரி வைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே வரும் காற்று குளிர்ந்து அறைக்குள் புகும். இதனால் உள்ளே வெப்பம் 10 பாகை செல்சியஸ் வரை குறைந்ததாக ஃபத்ஹி எழுதுகிறார். மின்சாரம் ஏதுமின்றிப் பெற்ற குளிர்ச்சி அது.

வீட்டுக்கு உடையவர், வரைபவர், கட்டுபவர் என்னும் மூவரின் கூட்டுறவே கட்டடக் கலை என்பது ஃபத்ஹியின் அடிப்படைக் கொள்கை. நவீன காலத்தில் ஒப்பந்தக்காரர் இடையில் புகுந்ததும் இம்மூவரும் ஒருவரையொருவர் காணாதவர்களாகிவிட்டனர் என்று அவர் வருந்தினார். புதிய குர்னாவில் முதற்கண் வரைபவரும் கட்டுபவரும் சேர்ந்தனர். உடையவர்?

சேராத மூன்றாம் கை

இங்கேதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி தொடங்குகிறது. குர்னா மக்கள் புதிய ஊரைக் கேட்கவில்லை. அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரோடு பிணைந்திருந்தது. சுற்றுலாப் பயணிகள், அகழாய்வுக் கூலி, கைவினைப் பொருள் விற்பனை ஆகிய எல்லாமே மலையடிவாரத்தில்தான். அவர்களைக் களவாளிகளாகவே நோக்கிய அரசு, பெயர்ப்பதற்கான உத்தரவைப் பிறப்பித்தபோது அவர்களுடைய சம்மதத்தைத் தேடவில்லை. ஃபத்ஹி ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் கேட்டறிந்து வீடு வரைய விரும்பியது உண்மை. ஆனால் வீட்டை ஆளும் பெண்களிடம் பேசும் வாய்ப்பு தமக்குக் கிட்டவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மேலும், குவிமாடம் என்றதும் அம்மக்களின் நினைவுக்கு வந்தது இறைநேசர்களின் அடக்கத்தலமே என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். உயிரோடு இருப்பவர் குப்பாவின் கீழ் உறங்குவதா என்னும் தயக்கம் இயல்பானதே.

எதிர்ப்பு தயக்கத்தோடு நிற்கவில்லை. கரையை வெட்டி, புதிய ஊருக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிட்ட நிகழ்வையும் ஃபத்ஹி பதிவு செய்திருக்கிறார். அலுவலகங்களின் கோப்புத் தாமதங்கள் மறுபுறம் வேலையை முடக்கின. 1948இல் பணி நின்றது. திட்டமிட்ட வீடுகளில் சிறுபகுதியே கட்டப்பட்டிருந்தது.

இந்தத் தோல்வியை ஃபத்ஹி 1969இல் நூலாக எழுதினார். 1973இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டதும் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அந்நூலில் அவர் மக்கள்மீதும் அலுவலர்கள்மீதும் சுமத்தும் குறைகளை இன்று நாம் அப்படியே ஏற்க இயலாது. டிமத்தி மிட்செல் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மரபைக் காப்பது என்னும் பெயரிலேயே குர்னா மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்டதை எடுத்துரைத்தார். ஃபத்ஹி தம் நூலில் ஏழைகளுக்காகப் பேசினார் என்பதும், ஏழைகளைப் பெயர்க்கும் திட்டத்துக்கே அவர் வரைபடம் தந்தார் என்பதும் ஒருங்கே உண்மை. பழைய குர்னாவின் வீடுகள் 2006இன் இறுதியில் தொடங்கி இடிக்கப்பட்டபோது, அறுபதாண்டுகளுக்கு முன் தொடங்கிய அதே பூசல் வேறு வடிவில் முடிவுற்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். புதிய குர்னாவில் தோற்றது மண்ணும் அன்று, கொத்தரின் கைத்திறனும் அன்று. உரிமையாளரின் விருப்பம் இல்லாத இடத்தில், எவ்வளவு சிறந்த கைத்திறனும் குடியிருப்பாக மாறாது என்பதே அங்கு நிறுவப்பட்ட பாடம்.

நீரில் மூழ்கிய பள்ளிக்கூடம்

கொத்தர்களின் தாயகத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 1902இல் முடிவுற்ற பழைய அஸ்வான் அணை 1912இலும் 1933இலும் உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நூபியக் கிராமங்கள் நீரில் மூழ்கின. ஒவ்வொரு முறையும் மக்கள் மேட்டுக்கு ஏறித் தங்கள் கையாலேயே ஊரைப் புதிதாகக் கட்டிக்கொண்டனர். கொத்தர்கள் தங்களிடமே இருந்ததால் அது அவர்களுக்கு இயன்றது. 1960களில் உயர் அணை எழுந்தபோது அந்த வாய்ப்பும் பறிபோயிற்று. எகிப்திய நூபியர் சுமார் 50,000 பேர் 1963இலும் 1964இலும் கோம் ஓம்போ பகுதிக்குப் பெயர்க்கப்பட்டு, அரசு கட்டித்தந்த ஒரே அச்சான வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அபூ சிம்பல் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து உயரத்தில் மறுபடி பொருத்துவதற்கு உலக நாடுகள் பொருள் திரட்டின; அது பாராட்டத்தக்க செயலே. ஆனால் வாழும் மரபாகிய நூபிய வீடுகளையும் அவற்றைக் கட்டும் அறிவையும் காப்பதற்கு அத்தகைய முயற்சி எழவில்லை. கல்லில் உறைந்த மரபுக்குக் காவலர்கள் கிடைக்கிறார்கள். கையில் வாழும் மரபுக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

தர்ப் அல்லப்பானாவின் மேல்மாடி

ஃபத்ஹி 1957இல் எகிப்தைவிட்டு ஏதென்ஸ் சென்று, சில ஆண்டுகள் அங்கே பணியாற்றிவிட்டுத் திரும்பினார். கெய்ரோ கோட்டையின் நிழலில், தர்ப் அல்லப்பானா தெருவில் உள்ள பழைய மாளிகையொன்றின் மேல்மாடியில் குடியேறினார். 1989இல் இறக்கும்வரை அதுவே அவருடைய வீடும் பட்டறையுமாக இருந்தது. பழைய நகரின் வீடுகளையும் முற்றங்களையும் அளந்து வரைவது அங்கு வந்த இளைஞர்களுக்குப் பாடமாக இருந்தது. பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அந்தப் படிகளில் ஏறி வந்தனர். 1967இல் கார்ஜா பாலைவனச் சோலையில் அவர் தொடங்கிய புதிய பாரிஸ் என்னும் கிராமமும், அவ்வாண்டு மூண்ட போரால் பாதியில் நின்றது. கட்டி முடிந்தவை சில. கற்றுச் சென்றவர்கள் பலர். ஃபத்ஹியின் உண்மையான வெற்றியைக் கட்டடங்களில் தேடுவதைவிட மனிதர்களிடம் தேடுவதே சரி என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

அம்மாணவர்களுள் தலையாயவர் அப்துல் வாஹித் அல்வகீல். 1943இல் பிறந்த அவர் ஃபத்ஹியிடமிருந்து கொள்கையைப் பெற்றார். நூபியக் கொத்தர்களிடமிருந்து செய்முறையைப் பெற்றார். அலாவுத்தீன் முஸ்தஃபாவுடன் சேர்ந்து அவர் 1975இல் கட்டி முடித்த ஹலாவா இல்லத்தை மேலே குறிப்பிட்டோம். பின்னர் சவூதி அரேபியாவில் பள்ளிவாசல்கள் பலவற்றை வரைந்தார். மதீனாவின் குபா பள்ளிவாசல் 1980களில் அவருடைய வரைபடத்தின்படியே புதிதாகக் கட்டப்பட்டது. ஜித்தாவின் கடலோரப் பள்ளிவாசலுக்கு 1989இல் ஆகா கான் விருது கிடைத்தது. அதே நகரின் மன்னர் சவூத் பள்ளிவாசலில் 20 மீட்டர் விட்டமுள்ள செங்கல் குவிமாடம் எழுந்தது. ஏழையின் அறைக்கூரையைச் சிக்கனமாக மூடப் பிறந்த கொத்து மரபு, அங்கே செல்வம் கொழிக்கும் நகரங்களின் இறையில்லங்களுக்குச் சென்று சேர்ந்தது. அதனால் ஏழையை விட்டு விலகிவிட்டதே என்று சிலர் குறை கூறுவர். அக்குறையில் நியாயம் உண்டு. எனினும் தேவை இருந்ததால்தான் அம்மரபில் மற்றுமொரு தலைமுறைக் கொத்தர்கள் பயிற்சி பெற்றனர் என்பதையும் மறுக்க இயலாது.

1980இல் ஃபத்ஹி தம் எண்பதாம் வயதில் நூபியக் கொத்தர்களுடன் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்குச் சென்றார். அபிக்யூ என்னுமிடத்தில் தாருல் இஸ்லாம் அமைப்புக்காகப் பள்ளிவாசலும் மதரஸாவும் மண்கல்லால் எழுந்தன. அப்பகுதி மக்களுக்கு மண்கல் புதியதன்று. அவர்கள் அதை அடோபி என்கிறார்கள். ஆராய்ந்தால் அச்சொல் அரபியின் அத்தூப் என்னும் சொல்லிலிருந்து அந்தலூஸ் வழியாக ஸ்பானிய மொழியில் புகுந்தது தெரிகிறது. அரபிச் சொல்லோ பண்டை எகிப்திய மொழியிலிருந்து வந்தது. அவ்வாறு ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்த சொல்லை அதன் பிறந்த மண்ணின் கொத்தர்கள் அங்கே சென்று சந்தித்தார்கள்.

இம்மரபின் கிளைகள் வேறு திசைகளிலும் பரவியுள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் பிரெஞ்சுக் கொத்தர் ஒருவரும் அந்நாட்டு உழவர் ஒருவரும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் நிறுவிய அமைப்பு, வேளாண் வேலையில்லாப் பருவத்தில் உழவர்களுக்கு நூபிய வளைகூரைத் தொழிலைக் கற்பிக்கிறது. சாஹேல் பகுதியிலும் மரம் அருகிவிட்டது. தகரக் கூரையோ வெயிலில் அடுப்பாகிறது. எனவே அங்கே இத்தொழிலுக்கு உண்மையான தேவை இருக்கிறது. நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், நூபிய முறையிலிருந்து வளர்த்தெடுத்த சாரமில்லா வளைகூரை நுட்பத்தைப் பல நாட்டினருக்கும் கற்பித்துவருகிறது. அங்கே மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு சேர்த்து, எந்திரத்தில் அழுத்திய கற்களைப் பயன்படுத்துகிறார்கள். மழை மிகுந்த நாட்டுக்கு ஏற்ற மாற்றம் அது.

மண்ணின் எல்லைகளும் இன்றைய தேவையும்

மண்ணைப் போற்றும் ஆர்வத்தில் அதன் எல்லைகளை மறைப்பது நேர்மையாகாது. மண்சுவருக்கு நீர் பகை. புதிய குர்னா அமைந்தது பாசன நிலத்தில். நிலத்தடி நீர் உயர்ந்து உப்பும் ஈரமும் அடித்தளத்தை அரித்தன. பிற்காலத்தில் குடியேறியவர்கள் பல வீடுகளை இடித்துக் கான்கிரீட் மாடிகளைக் கட்டிக்கொண்டனர். 2010இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அவ்வூரைக் கண்காணிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் யுனெஸ்கோவின் துணையுடன் பொதுக் கட்டடங்களைச் சீரமைக்கும் பணி நடந்தது. எகிப்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயர் அணைக்குப் பிறகு நைல் புதிய வண்டலைக் கொண்டுவருவதில்லை. ஆதலால் விளைநிலத்தின் மேல்மண்ணை எடுத்துச் செங்கல் செய்வதை 1980களில் அரசு தடைசெய்தது. ஒரு நாட்டில் ஒரு காலத்தில் இலவசமாக இருந்த பொருள் எக்காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது.

ஆயினும் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். உலகில் மனிதரால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. கான்கிரீட் பெட்டிகளில் வெப்பத்தை அடைத்துவைத்து, பின்பு மின்விசிறியாலும் குளிரூட்டியாலும் அதை வெளியேற்ற முயல்வதே இன்றைய வழக்கம். எங்கும் மண்ணாலேயே கட்ட வேண்டும் என்று ஃபத்ஹியின் கூடத்தார் சொல்லவில்லை. அந்தந்த இடத்தின் பொருள், காற்று, வெயில் ஆகியவற்றை அறிந்து, அவற்றோடு பழகிய கைகளைக் கலந்துகொண்டு கட்ட வேண்டும் என்பதே அவர்கள் சொன்னது. மண்ணுக்குப் பதில் சுண்ணாம்போ கருங்கல்லோ மூங்கிலோ இருக்கலாம். அறிந்த கை இல்லாவிட்டால் எந்தப் பொருளும் பயன் தராது.

அறிந்த கை எதனால் நிலைக்கிறது? இதற்கு விடை தருபவரும் இப்னு கல்தூனே. தொழில்கள் தேவையால் வளர்கின்றன; கேட்பவர் இல்லாதபோது அவற்றைக் கற்பவரும் இல்லாமற் போகின்றனர் என்பது அவருடைய முடிவு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர் அறுந்தால் செய்தி வலுவிழக்கிறது. கைத்தொழிலிலோ தொடர் அறுந்தால் தொழிலே மறைந்துவிடுகிறது. ஏட்டிலிருந்து அதை மீட்டெடுப்பது அரிது. 1941இல் கர்ப் அஸ்வானில் பக்தாதி அஹ்மத் அலியைப் போன்றோர் இல்லாதிருந்தால், ராமெஸியத்தின் வளைவுகள் எவ்வளவு காலம் நின்றிருந்தும் அவை எவ்வாறு கட்டப்பட்டன என்று சொல்வதற்கு ஆளில்லை.

ஆகவே மரபுக் கட்டடக் கலையின் எதிர்காலம் கட்டடக் கலைஞரின் மேசையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஃபத்ஹி சொன்ன மூவருள் நாம் பெரும்பாலும் மூன்றாமவர்: வீட்டுக்கு உடையவர்கள், ஜமாஅத்தின் உறுப்பினர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள். நம் ஊரின் பழைய பள்ளிவாசலில் விரிசல் காணும்போது முதலில் யாரை அழைக்கிறோம் என்பது நம்மிடம் உள்ள கேள்வி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று மதிப்பீடு தருபவரையா? அந்தச் சுண்ணாம்பையும் கல்லையும் கையால் அறிந்த முதிய கொத்தனாரையா? அவரை ஒருமுறை அழைத்தால், அவரோடு ஓர் இளைஞனையும் சித்தாளாகச் சேர்த்துவிட்டால், தொடரில் ஒரு கண்ணி கூடுகிறது. வேலை முடிந்தபின் வைக்கும் கல்வெட்டில், பொருளுதவி செய்தவர்களின் பெயர்களுக்குக் கீழே அவருடைய பெயருக்கும் ஒரு வரி இடம் இருக்கட்டும்.